தத்துவம் படிக்கிற பிள்ளைக்கு மீன் கிடையாதா?

போன ஞாயிற்றுக்கிழமை குமராட்சியில் என் மச்சான் வீட்டில் சாப்பாடு. எல்லார் இலையிலும் சங்கரா மீன் குழம்பு. என் மகள் வினோதினியின் இலையில் மட்டும் பூசணிக்காய் சாம்பார்!

அதிலும் அந்த மீன் இருக்கிறதே... அது நாங்கள் கொண்டுபோன மீன். விடிகாலையில் கடலூர் துறைமுகத்தில் நானே நின்று பொறுக்கி எடுத்து, ஐஸ் போட்டுக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போன மீன். வினோவுக்குச் சங்கரா என்றால் உயிர். வாரம் முழுக்க ஹாஸ்டல் சாம்பாரைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய் வந்திருக்கிறாள். இங்கேயும் சாம்பார் என்றால் எப்படி இருக்கும்?

பரிமாறியது என் மச்சான் மனைவி செல்வராணி. வினோவுக்கு அத்தை. பாசமான மனுஷி. வஞ்சனையே தெரியாதவர்.

"அத்தை... மீனு?" என்று வினோ மெதுவாகக் கேட்டாள்.

"ஐயோ, உனக்கு அதெல்லாம் ஆவாதும்மா. உனக்குன்னு புதுச் சட்டி வாங்கி, தலைக்குக் குளிச்சிட்டு, தனியா சமைச்சிருக்கேன். பூண்டு வெங்காயம்கூடப் போடல. நீ தைரியமா சாப்பிடு."

"எனக்கு ஏன் அத்தை ஆவாது?"

"நீதான் தத்துவம் படிக்கிறியே!"

எனக்குப் புரையேறிவிட்டது. மீன் முள்ளோ என்று எல்லாரும் பயந்து, என் முதுகில் ஆளாளுக்குத் தட்டினார்கள். முள் இல்லை. சிரிப்பு.

நீங்களும் சிரிப்பீர்கள். ஆனால் செல்வராணி பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் ஊர்களுக்கெல்லாம் நடுவில் வடலூர் இருக்கிறது. அந்தச் சன்மார்க்க வழியில் போகிறவர்கள் மீனையும் கறியையும் விட்டுவிடுவார்கள். செல்வராணியின் சித்தப்பா ஒருவர், குறிஞ்சிப்பாடிக்காரர், முதலில் பெரிய பெரிய புத்தகமாகப் படித்தார். அப்புறம் மீனை விட்டார். அப்புறம் வெள்ளை வேட்டிக்கு மாறினார். ஆக, தத்துவம் என்று ஒருத்தி படிக்க ஆரம்பித்தால் அடுத்து என்ன? மீனை விட்டாயிற்று என்றுதானே அர்த்தம்! யாரும் சொல்லாமலே செல்வராணி கணக்குப் போட்டு, சட்டியும் வாங்கிவிட்டார்.

புதுச் சட்டி வாங்கிச் சமைத்தவரிடம் போய், "எனக்கு மீன் வேண்டும்" என்று எப்படிச் சொல்வது? வினோ சாம்பாரைப் பிசைந்தாள். செல்வராணி பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறினார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு இந்த முட்டி வலி எப்ப போவும்னு ஏதாவது சொல்லேம்மா" என்று கேட்டார்.

பாவம், வினோவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பத்திரிகையில் இந்த இடத்தை வாரா வாரம் படிக்கிற பிள்ளைகளுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நான் கடலூரில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். பத்தாவது வரைக்கும் படித்தவன். அதற்கு மேல் படித்ததெல்லாம் வேனில் வருகிற பிள்ளைகளிடம்தான்.

தத்துவம் என்றால் ஆட்டோவுக்குப் பின்னால் எழுதியிருக்கிற வாசகம் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். "தத்துவம் பேசாதடா" என்று நண்பர்கள் திட்டுவார்களே, அது. அதைப் போய் ஒரு காலேஜில் பாடமாக வைத்திருப்பார்களா? வைத்திருக்கிறார்கள்.

வினோ படிப்பது சிதம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரி. தங்கியிருப்பது அண்ணாமலை நகரில், பெண்கள் ஹாஸ்டல். நாலு வருஷப் படிப்பு, பெயர் லிபரல் ஆர்ட்ஸ். அப்படியென்றால் என்ன? எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். ஹோட்டலில் ஃபுல் மீல்ஸ் வாங்கினால் கூட்டு, பொரியல், காரக்குழம்பு, மோர்க்குழம்பு என்று எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வைப்பார்கள் இல்லையா? அதுபோல முதல் வருஷம் சரித்திரம், பொருளாதாரம், மனோதத்துவம், தத்துவம் என்று எல்லாமே கொஞ்சம். ருசி பார்த்துவிட்டு, இரண்டாம் வருஷத்திலிருந்து எதைச் சோறு நிறையப் பிசையப் போகிறோம் என்று நாமே சொல்ல வேண்டும். அதற்கு மெயின் என்று பெயர்.

பொருளாதாரம் என்று சொல்வாள் என நாங்கள் நினைத்திருந்தோம். மார்க்கும் அதில்தான் ஜாஸ்தி. வினோ தத்துவம் என்றாள்.

என் மனைவி சாந்தி, "வேணாம்" என்றாள்.

அவ்வளவுதான். ஏன், எதற்கு... ஒன்றும் சொல்லவில்லை. வேணாம். ஒரு மாதமாக அதே ஒரு வார்த்தை.

வினோ சண்டை போடுகிற பெண் இல்லை. ஆனால் பிடிவாதக்காரி. "அம்மா சரின்னு சொல்லாம நான் அதை எடுக்க மாட்டேம்ப்பா. வேணாம்னா எகனாமிக்ஸே எடுத்துக்கறேன்" என்றாள். இது என்ன பிடிவாதம் என்று கேட்கிறீர்களா? அம்மாவை மீறிப் போகக் கூடாது என்கிற பிடிவாதம். எடுத்துக்கொள்வாள். நன்றாகவும் படிப்பாள். ஆனால் பிடித்ததைப் பேசும்போது அவள் கண்ணில் ஒன்று வருமே... அது போய்விடும். எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை கல்லூரியில் மெயின் எது என்று சொல்லியாக வேண்டும். கையில் இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நாங்கள் கடலூரிலிருந்து மீனோடு போனோம். வினோ சிதம்பரத்திலிருந்து மினி பஸ் பிடித்து வந்தாள். ஏற்பாடு சாந்தியுடையது. அவள் தம்பி கலியமூர்த்தி... அதாவது என் மச்சான்... விவசாயம் பார்க்கிறவர். வாய்க்கால் முறைத் தகராறு, ஆடு மேய்ந்த தகராறு என்று ஊரில் எது வந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பேசியே கரைத்துவிடுவார். வினோவையும் கரைத்துவிடுவார் என்று சாந்திக்கு நம்பிக்கை.

சாப்பாடு முடிந்தது. ஹாலில் ஃபேனுக்குக் கீழே எல்லாரும் உட்கார்ந்தோம். கலியமூர்த்தி தொண்டையைச் செருமினார்.

"தோ பாரும்மா வினோ. எல்லாமே படிப்புதான், நான் ஒண்ணும் தப்பு சொல்லல. ஆனா படிப்புன்னா வெளிய ஒரு போர்டு மாட்ற மாதிரி இருக்கணும். டாக்டர் மாட்றான், வக்கீலு மாட்றான், ஆடிட்டர் மாட்றான். நீ என்னான்னு மாட்டுவ? 'இங்கு தத்துவம் பார்க்கப்படும்'னா?"

நான் சிரித்துவிட்டேன். சாந்தி என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

"மாமா, நான் பதில் சொல்லலாமா?" என்றாள் வினோ. "ஆனா எங்க கிளாஸ்ல ஒரு ரூல் இருக்கு. அதுப்படிதான் சொல்லுவேன்."

"என்னா ரூலு?"

"எடுத்தவுடனே என் பதிலைச் சொல்லக் கூடாது. முதல்ல நீங்க சொன்னதை நான் சொல்லணும். 'ஆமா, நான் சொன்னது இதான்'னு நீங்க ஒத்துக்கணும். அப்புறந்தான் எனக்கு வாயைத் தொறக்கவே உரிமை."

பிள்ளைகளே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். இது வினோவுக்குத் தத்துவம் எடுக்கிற மேடம் புதிதாகக் கண்டுபிடித்த ரூல் இல்லையாம். அந்தக் காலத்தில் நம் ஊரில் வாதம் பண்ணியவர்களே அப்படித்தான் பண்ணினார்களாம். எதிராளி என்ன சொல்கிறான் என்பதை முதலில் முழுசாகச் சொல்வார்கள். அதற்குப் பரபக்கம் என்று பெயர். அடுத்தவன் பக்கம். அதை முடித்துவிட்டுத்தான் தன் பக்கம். அதற்குச் சுபக்கம். தன் கட்சிக்கு முன்னால் அடுத்தவன் கட்சியைச் சொல்வதா? இன்றைக்கு டி.வி.யில் நாலு பேர் உட்கார்ந்து கத்துகிறார்களே, அங்கே இந்த ரூலை வைத்தால் நிகழ்ச்சியே ஓடாது!

கலியமூர்த்தியும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். "நல்லா கெடுத்தாங்க போ. இதை எங்க பஞ்சாயத்துல வச்சா ஒரு வரப்புத் தகராறு முடியறதுக்குள்ள ஒரு போகம் அறுத்துடலாம். சரி, சொல்லு பார்ப்போம். நான் என்னா சொன்னேன்?"

வினோ நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்க போர்டைப் பத்திக் கவலைப்படல மாமா. நாலு பேர் 'உன் மருமவ என்னா படிக்கிறா'ன்னு கேட்டா உங்களுக்கு ஒரே வார்த்தைல பதில் சொல்ல வரணும். அது வரல. வெள்ளம் வந்து பயிரு போனாக்கூட, 'நான் விவசாயி'ன்னு உங்களால சொல்லிக்க முடியுது. நாளைக்கு எனக்கு ஒரு கஷ்டம் வந்தா நான் என்னான்னு சொல்லிக்குவேன்? பிடிச்சுக்க ஒரு பேராவது வேணும் இல்ல? அதான் உங்க பயம். சரியா?"

கலியமூர்த்தி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாமா, நான் சொன்னதைவிட இவ நல்லா சொல்றா மாமா" என்றார்.

"அப்ப நான் பதில் சொல்லலாமா?"

"இரு, இரு. நான் சொன்னதையே இன்னும் நான் யோசிச்சு முடிக்கல."

ஊரையே கரைக்கிறவர் கரைந்து உட்கார்ந்திருந்தார். ஆனால் வினோவுக்கு வேண்டியது மாமாவின் சம்மதம் இல்லையே. அவள் அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இப்ப உன் பக்கம். வேலை கிடைக்காதுன்னு பயப்படற. அதானே?"

"இல்ல."

"கல்யாணம் பேசறப்ப சங்கடமா இருக்கும்னு..."

"அதுவும் இல்ல."

வினோ திகைத்துப் போனாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உதவி செய்யலாம் என்று நானும் ஒரு கை பார்த்தேன். "ஊரு என்ன சொல்லும்னு உனக்கு..."

"ஊரு கெடக்குது. நீங்க சும்மா குந்துங்க."

சும்மா குந்தினேன்.

"எனக்கு அங்க பாத்திரம் கெடக்குது" என்று சாந்தி எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு மணி மினி பஸ்ஸில் வினோ ஹாஸ்டலுக்குத் திரும்ப வேண்டும். அந்த பஸ் வருவதற்குள் ஒரு 'சரி' கிடைக்காவிட்டால், காலையில் எகனாமிக்ஸ்.

"அப்பா," என்றாள் வினோ தணிந்த குரலில், "எனக்கு எங்கம்மா பக்கமே தெரியலப்பா."

"தெரியலைன்னா உங்க ரூல்ல என்ன பண்ணுவாங்க?"

"கேக்கணும்."

"போய்க் கேளு அப்ப."

கொல்லையில் அடிபம்பு. பக்கத்தில் குந்தி சாந்தி குழம்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வினோவும் போய்க் குந்தி ஒரு தட்டை எடுத்தாள். பம்பு அடித்துக் கொடுக்கிற சாக்கில் நானும் போனேன். தண்ணீருக்காகவா போனேன்? காதுக்காகப் போனேன்.

"அம்மா, நான் சொன்னது எதுவும் உன் பக்கம் இல்ல. எனக்குத் தெரியல. நீயே சொல்லு. நான் குறுக்க பேச மாட்டேன்."

சாந்தி தேய்த்துக்கொண்டே இருந்தாள். சட்டியைப் பார்த்தே பேசினாள்.

"அன்னிக்குப் போன்ல ஒண்ணு சொன்னியே. மரம்..."

"என்ன மரம்?"

"ஒரு மரம் இருக்குதுன்னா, நாம பாக்கறதால இருக்குதா, நாம பாக்காட்டியும் இருக்குதான்னு. அதைத்தான் இன்னிக்குக் கிளாஸ்ல பேசினோம்னியே."

"ஆமா. சொன்னேன்."

"நான் கேட்டேன், 'அது எப்படிடி, பாக்காட்டி எங்க போவும்'னு. நெஜமாத்தான் கேட்டேன். தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். நீ சிரிச்ச. 'விடும்மா, உனக்குப் புரியாது'ன்னு வச்சிட்ட."

நான் பம்பு அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

"முதல் வருஷத்துலயே 'உனக்குப் புரியாது'. இன்னும் மூணு வருஷம் அதையே படிச்சா? எகனாமிக்ஸ்னா வெலைவாசி, சம்பளம்னு நீ என்ன சொன்னாலும் நானும் ஏதாவது பேசிக்குவேன். இதுல நான் என்னத்தடி பேசுவேன்? வந்தா சோறு போடுவேன். துணி துவைச்சுக் குடுப்பேன். நீ உங்கப்பாகூடப் பேசிட்டுப் போயிடுவ."

வினோவுக்கு அப்படிச் சொன்னதே நினைவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னவளுக்கு அது காற்று. கேட்டவளுக்கு முள்.

பிள்ளைகளே, ஒன்று கேட்கிறேன். இன்றைக்குக் காலையிலிருந்து எத்தனை தடவை இதைச் சொன்னீர்கள்? செல்போனில் ஏதோ பார்த்துச் சிரித்தீர்கள், "என்னடா அது?" என்று அம்மா எட்டிப் பார்த்தார். "உனக்குப் புரியாது." ஸ்கூலில் என்ன நடந்தது என்று அப்பா கேட்டார். "உங்களுக்குப் புரியாதுப்பா." கோபமாகச் சொல்வதில்லை. திட்டுவதில்லை. ஒரு கதவைச் சாத்துகிற மாதிரி, சத்தமில்லாமல்... எதிர்ப்பக்கம் நிற்கிறவர் மூக்கில் கதவு இடிப்பது நமக்குத் தெரிவதே இல்லை.

வினோ அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அதைவிட நல்ல காரியம் ஒன்று செய்தாள். ரூலைக் காப்பாற்றினாள்.

"நான் சொல்றேன், சரியா இருக்கான்னு பாரும்மா. என் படிப்பு உனக்குப் பயமில்ல. நான் படிக்கப் படிக்க 'உனக்குப் புரியாது'ன்னு நெதமும் சொல்ற பொண்ணா ஆயிடுவேன். ஒரே வூட்ல இருந்தாலும் நீ வெளிய நிப்ப. அதான் உன் பயம்."

சாந்தி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ம். அதான்."

ஒரு மாதமாக யாரும் திறக்க முடியாத பூட்டு, 'ம், அதான்' என்று திறந்தது. நான் ஒன்றும் தோன்றாமல் மறுபடி பம்பை அடித்தேன். சட்டி வழிந்து ஓடியது.

"அப்ப அந்த மரத்தை இப்ப சொல்லட்டுமா?" என்றாள் வினோ.

"சொல்லு."

சொன்னாள். மரத்தை நாம் நேராகப் பார்ப்பதில்லை... கண்ணுக்கு நிறம் தெரிகிறது, கைக்குச் சொரசொரப்பு தெரிகிறது. அதையெல்லாம் சேர்த்து மரம் என்கிறோம். பார்க்கவும் தொடவும் ஒருத்தருமே இல்லை என்றால் அப்போது அங்கே இருப்பது என்ன? இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது? நிதானமாக, அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். விளங்காத இடத்தில் திரும்பிப் போனாள்.

சாந்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கையிலிருந்த சட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்ப நான் கண்ண மூடிட்டா இந்தச் சட்டி இருக்குதான்னு சொல்ல முடியாதுங்கற."

"எப்படிம்மா சொல்லுவ?"

சாந்தி கண்ணை இறுக்க மூடினாள். கொஞ்சம் பொறுத்துத் திறந்தாள்.

"தேய்க்க வேண்டியது அப்படியே கெடக்குது பாரு! இல்லாமப் போயிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்."

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து கலியமூர்த்தியும் செல்வராணியும் ஓடி வந்துவிட்டார்கள்.

"அதுக்கும் ஒரு பதில் இருக்கும்மா," என்றாள் வினோ கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இருக்கட்டும். அதையும் சொல்லு. அவசரம் என்னா?"

கலியமூர்த்தி நிலைமையைப் புரிந்துகொண்டார். பஞ்சாயத்துக்காரர் இல்லையா! "யக்கா, உன் பக்கத்தை அவ சொல்லிட்டா. ரூலுன்னா ரெண்டு பேருக்குந்தான். அவ பக்கத்தை இப்ப நீ சொல்லு."

சாந்தி மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. தயாராக வைத்திருந்த மாதிரி சொன்னாள்.

"இவளுக்குச் சின்னதுலேர்ந்து ஏன், ஏன்னு கேக்கணும். எனக்கு அடுப்புல வேலை இருக்கும், 'வாயை மூடு'ம்பேன். ஸ்கூல்ல 'சிலபஸ்ல இல்ல, உக்காரு'ன்னுட்டாங்க. இப்பத்தான் ஒரு எடத்துல, 'கேளு, இன்னும் கேளு'ங்கறாங்க. அந்த எடத்தை விட்டு வர மாட்டேங்குறா. அவ்ளோதான். வேற என்னா?"

வினோ தலையை மட்டும் ஆட்டினாள்.

"எடுத்துக்க," என்றாள் சாந்தி. "ஆனா ஒண்ணு. அங்க என்ன படிச்சாலும் வாரத்துக்கு ஒருநா எனக்குப் போன் பண்ணிச் சொல்லணும். எனக்குப் புரியலைன்னா, நீ ஒழுங்காப் படிக்கலைன்னு அர்த்தம்."

"சரிம்மா."

"இன்னொண்ணும் பாக்கி இருக்குது. உன் பக்கத்துல நீயும் சொல்லல, யாரும் கேக்கல."

"என்னம்மா?"

"மீனு." சாந்தி அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினாள். "மேல் தட்டுல மூடி வச்சிருக்கேன். தலைத் துண்டு. போய்ச் சாப்பிடு, போ."

என்னைவிட ஆடிப்போனது செல்வராணிதான். "ஐயோ அண்ணி! படிப்பு போயிடாதா?"

"போவாது அத்தை. அங்க எனக்குப் பக்கத்துல குந்தற பொண்ணு பிரியாணி இல்லாம கிளாஸுக்கே வர மாட்டா" என்று சொல்லிக்கொண்டே வினோ ஓடினாள். அப்புறம் வாசலில் நின்று திரும்பி, "ஆனா உங்க சாம்பார் நெஜமாவே நல்லா இருந்துச்சு அத்தை. புதுச் சட்டியை அப்படியே வைங்க. அடுத்த வாட்டி அதுல மீன் வச்சுக் குடுங்க" என்றாள். செல்வராணிக்கு மனசு ஆறிவிட்டது. முட்டி வலிதான் போகவில்லை.

மினி பஸ் வந்தது. வினோ ஏறும்போது அவள் விரலில் மீன் குழம்பு மணம். கண்ணில் அந்த வெளிச்சம்.

அன்றைக்குக் கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே வந்தேன். யாருக்கென்று சொல்வது? பேர்கூட எனக்குச் சரியாகத் தெரியாத அந்த மேடத்துக்கு. கரைக்க வந்து கரைந்துபோன மச்சானுக்கு. கோபமாக இருந்தபோதும் தலைத் துண்டை எடுத்து மூடி வைத்தவளுக்கு. எனக்குப் பத்தாவதோடு நின்றுபோன படிப்பு, என் மகள் வழியாக வீட்டுக் கொல்லை வரைக்கும் நடந்து வந்ததே... அதற்கு.

தத்துவம் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று இன்னமும் எனக்குத் தெரியாது. யாராவது கேட்டால் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அடுத்தவர் பக்கத்தை அவரைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்த ஒரு பிள்ளை, எந்த வேலைக்குப் போனாலும் அந்த இடம் கொஞ்சம் நல்ல இடமாக ஆகும். அது எனக்குத் தெரியும்.

சும்மா இருப்பேனா? திங்கட்கிழமையே அந்த ரூலை என் வேனில் வைத்துப் பார்த்தேன். ஜன்னல் சீட்டுக்கு ஓர் அண்ணனும் தங்கையும் தினமும் அடித்துக்கொள்வார்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி, "நீ அவ பக்கத்தைச் சொல்லு, அவ உன் பக்கத்தைச் சொல்லட்டும்" என்றேன்.

அண்ணன் யோசித்தான். "அவளுக்கு வேன்ல வாந்தி வரும். ஜன்னல்ல காத்து வந்தாத்தான் வராது."

"ஆமா" என்றாள் தங்கை. "அண்ணனுக்கு ரயில்வே கேட்ல ட்ரெயின் பாக்கணும். நடுவுல குந்தினா தெரியாது."

"ஆமா" என்றான் அண்ணன். ரயில்வே கேட் வரும்போது மட்டும் இடம் மாறிக்கொள்வது என்று முடிவாயிற்று. நான் பெருமையோடு வண்டியை எடுத்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது. "அங்கிள், நாளைக்கு இந்த வெளையாட்டு வேணாம். அவ பக்கத்தைச் சொல்லிட்டா அப்புறம் எனக்குச் சண்டையே வர மாட்டேங்குது."

நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். சண்டை போகும். ஜாக்கிரதை!

கடைசியாக ஒன்று. நேற்று சாயங்காலம் வினோவிடமிருந்து போன். வாரம் தவறவில்லை. சாந்தி அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டு, ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வினோ ஏதோ புதுப் பாடம் சொன்னாள். நேற்று இருந்த நானும் இன்று இருக்கிற நானும் ஒரே ஆள்தானா என்று. சாந்தி ஒரு கேள்வி கேட்டாள். வினோ பதில் சொன்னாள். சாந்தி விடாமல் இன்னொன்று கேட்டாள்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. பிறகு, "விடும்மா..." என்றது போன்.

சாந்தியின் முகம் மாறியது. நான் பேப்பரைக் கீழே வைத்தேன்.

"விடும்மா... எனக்கே சரியாப் புரியல."

"அப்படிச் சொல்லுடி என் கண்ணு," என்று சாந்தி காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தாள். "வா, ரெண்டு பேரும் முதல்லேர்ந்து பாப்போம்."

ரசம் பொங்கிப் பாதி அடுப்பில் போய்விட்டது. மீதிப் பாதியை நன்றியோடு குடித்தேன்.